ஜெர்மானியாவைக் கொன்றது யார்?

போன மாதம் எங்கள் விடுதி அறையில் ஒரு சண்டை. உலகத்திலேயே அதிக கோல் அடித்தவர் யார்? ரொனால்டோ கட்சிக்கு ஆள் அதிகம், மெஸ்ஸி கட்சிக்குச் சத்தம் அதிகம். நான் எந்தக் கட்சியிலும் சேராதவன். இரண்டு பேரையும் ஒரே அடியில் கவிழ்க்க வேண்டும் என்று ராத்திரி கண் விழித்துத் தேடி, மறுநாள் காலை இட்லித் தட்டுக்கு முன்னால் ஒரு பெயரைக் கொண்டுபோய் வைத்தேன். ஆர்தர் ஃப்ரீடன்ரைக். பிரேசில்காரர். 1,329 கோல்கள். முடிந்தது கதை என்றேன்.

முடியவில்லை. சாயங்காலத்துக்குள் எனக்கே தெரிந்துவிட்டது. 1,239 என்ற எண்ணில் இலக்கங்கள் இடம் மாறித்தான் 1,329 ஆனதாம். அந்த 1,239க்கும் ஆதாரம் கிடையாது. பழைய செய்தித்தாள்களைப் புரட்டி உட்கார்ந்து எண்ணியவர்களுக்குக் கிடைத்தது சுமார் 560 ஆட்டங்களில் 550ஐ ஒட்டிய கோல்கள்தான். ஆட்டத்துக்கு ஒரு கோல் என்பது சாதாரண விஷயமா என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒரு வாரத்துக்கு எல்லோருக்கும் டீ என் செலவு :-)

ஆனால் அந்தத் தேடலில் ஒரு கிளப்பின் பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது. ஃப்ரீடன்ரைக் முதன்முதலில் ஆடிய கிளப், ஜெர்மானியா. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்தில் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் 1899இல் தொடங்கியது. இரண்டு முறை மாநில சாம்பியன். இன்று அப்படி ஒரு கால்பந்து அணி இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் உடனே வருகிற பதில், "இரண்டாம் உலகப் போர்ச் சமயம், ஜெர்மன் பெயர், அரசாங்கம் விடவில்லை" என்பது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அது தவறு என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன். பொறுமை உள்ளவர்கள் கூட வரலாம்.

பிரேசிலுக்குக் கால்பந்து கொண்டுவந்தவர் என்று எல்லோரும் சார்லஸ் மில்லரைச் சொல்வார்கள். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1894இல் பெட்டிக்குள் இரண்டு பந்துகளோடு சாவோ பாவ்லோ திரும்பியவர். அவர் ஆடியது ஆங்கிலேயர்களின் எஸ்.பி.ஏ.சி. கிளப்பில். அங்கே கிரிக்கெட்டும் உண்டு, கால்பந்தும் உண்டு, உள்ளே இருப்பவர்கள் ஆங்கிலேயர்கள். மூன்று வருடம் கழித்து, 1897இல், ஹாம்பர்க் நகரத்திலிருந்து ஹான்ஸ் நோபிலிங் என்ற இளைஞர் வந்து இறங்கினார். வயது இருபதை ஒட்டி, அதாவது கிட்டத்தட்ட நம்ம வயது. ஹாம்பர்க்கில் அவர் ஆடிய கிளப்பின் பெயர் எஸ்.சி. ஜெர்மானியா. வரும்போது ஒரு பந்தும், அந்தக் கிளப்பின் விதிமுறைப் புத்தகமும் கொண்டுவந்தார் என்கிறார்கள். பந்து கொண்டுவந்தது புரிகிறது. கப்பலேறும்போது விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளும் இருபது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் இருந்தால் கட்டாயம் அவன்தான் கம்பெனி சட்டப் பேப்பரில் முதல் மார்க்.

ஆங்கிலேயர் கிளப்பில் அவருக்கு இடமில்லை. அதனால் கிடைத்த ஆட்களைச் சேர்த்துத் தானே ஓர் அணி கட்டினார். ஜெர்மானியர்கள், பிரேசில்காரர்கள், வேறு சில நாட்டுக்காரர்கள் என்று கலந்து கட்டிய அணி. பெயர்கூட வைக்கவில்லை, 'ஹான்ஸ் நோபிலிங் டீம்' என்றே அழைத்தார்கள். 1899 மார்ச்சில் இந்த அணி மெக்கன்ஸி கல்லூரி மாணவர்களோடு மோதியது. கோல் எதுவும் விழாமல் டிரா.

அதே வருடம் ஆகஸ்ட் 19ஆம் தேதி, முறையாகக் கிளப் ஆரம்பிக்கலாம் என்று கூடினார்கள். பெயர் என்ன வைப்பது? நோபிலிங் தன் ஊர்க் கிளப்பின் பெயரையே, 'ஜெர்மானியா' என்றே, வைக்கலாம் என்றார். மற்றவர்கள் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். இத்தனை நாட்டு ஆள் இருக்கிறோம், ஜெர்மானியா என்றால் எப்படி? ஓட்டெடுப்பில் ஜெயித்த பெயர் 'இன்டர்நாசியோனல்'. நோபிலிங் கோபித்துக்கொண்டு வெளியேறினார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 7ஆம் தேதி தன் ஜெர்மானிய நண்பர்களோடு எஸ்.சி. ஜெர்மானியாவைத் தொடங்கிவிட்டார். செப்டம்பர் 7 பிரேசிலின் சுதந்திர தினம்! தெரிந்து வைத்தார்களா, விடுமுறை நாள் என்பதால் கூடினார்களா, எனக்குத் தெரிந்து யாரும் விளக்கவில்லை. விடுமுறை என்பதே என் ஊகம்.

இந்தப் பெயர்ச் சண்டையை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, முதல் நாளே மூடிக்கொண்ட கூட்டம், உருப்படுமா" என்று எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். ஆனால் பரந்த மனதோடு பெயர் வைத்துக்கொண்ட இன்டர்நாசியோனல் என்ன ஆனது தெரியுமா? 1907இலும் 1928இலும் சாம்பியன் ஆனது, 1933இல் இன்னொரு கிளப்போடு இணைந்தது, பிறகு அந்த இணைப்பும் வேறு இணைப்புகளில் கரைந்துபோனது. இன்று அதுவும் இல்லை. ஆகவே பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதவேண்டாம்.

1902இல் பிரேசிலின் முதல் லீக் தொடங்கியது. ஐந்தே அணிகள்: எஸ்.பி.ஏ.சி., மெக்கன்ஸி, பாவ்லிஸ்தானோ, இன்டர்நாசியோனல், ஜெர்மானியா. அந்த லீக்கின் முதல் ஆட்டம் மே 3ஆம் தேதி, பார்க் அன்டார்க்டிகா மைதானத்தில். மெக்கன்ஸி 2, ஜெர்மானியா 1. அதாவது ஒரு முழு தேசத்தின் லீக் சரித்திரம் ஜெர்மானியாவின் தோல்வியோடுதான் ஆரம்பிக்கிறது. மைதானம் அன்டார்க்டிகா என்ற பீர் கம்பெனியுடையது. (பீர் கம்பெனி, ஜெர்மானியர்கள், கால்பந்து. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.) இந்த மைதானத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

முதல் மூன்று பட்டங்களையும் ஆங்கிலேயர்கள் கொண்டுபோனார்கள். 1906இல் ஜெர்மானியா ஜெயித்தது. 1915இல் மறுபடியும். இந்த இரண்டாவது பட்டத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 1913இல் லீக் இரண்டாக உடைந்தது. சாதாரண ஜனங்களின் கிளப்புகள் உள்ளே வருவது பிடிக்காமல் பாவ்லிஸ்தானோ மாதிரியான பெரிய வீட்டுக் கிளப் வெளியேறித் தனிக் கடை போட்டது. 1910இல் தொழிலாளிகள் ஆரம்பித்த கொரிந்தியன்ஸ் பழைய லீக்கில் நுழைந்து, 1914இலேயே பட்டம் அடித்தது. மறு வருடம் அது பெரிய வீட்டு லீக்குக்குத் தாவப்போய், அங்கேயும் சேர்க்கப்படாமல், இங்கேயும் இல்லாமல் ஒரு வருடம் வெளியே நின்றது. அந்த வருடம்தான் பழைய லீக்கில் ஜெர்மானியா சாம்பியன்! பட்டம் பட்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. லீக் உடைந்தபோது ஜெர்மானியா பெரிய வீட்டுக்காரர்களோடு போகவில்லை. தொழிலாளிகள் வந்த பழைய லீக்கிலேயே இருந்தது. எனவே இவர்களைத் திமிர் பிடித்த கும்பல் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

இப்போது நம்ம ஃப்ரீடன்ரைக். 1892 ஜூலை 18இல் சாவோ பாவ்லோவில் பிறந்தவர். அப்பா ஜெர்மன் வம்சாவளி. அம்மா ஆப்பிரிக்க வம்சாவளி. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888இல்தான், அதாவது இவர் பிறப்பதற்கு வெறும் நாலு வருடம் முன்பு. பச்சைக் கண், கருத்த தேகம், சுருட்டை முடி. முடியை எண்ணெய் தடவி, சூடான துண்டு சுற்றி, நேராக்கிக்கொண்டு கடைசி ஆளாகத்தான் மைதானத்தில் இறங்குவார் என்று அந்தக் காலத்து எழுத்தாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கறுப்பர்களுக்குக் கதவு திறக்காத காலத்தில் 1909இல் அவர் ஜெர்மானியாவுக்குள் நுழைய முடிந்தது அப்பா வழி வந்த குடும்பப் பெயரால். அங்கே ஹெர்மன் ஃப்ரீசே என்றொரு மூத்த ஆட்டக்காரர் இருந்தார். ஜெர்மனியில் ஓட்டப்பந்தய வீரராக இருந்துவிட்டு வந்தவர், ஆரம்ப கால லீக்கின் பெரிய நட்சத்திரம். அவரைப் பார்த்துத்தான் பையன் கற்றுக்கொண்டான் என்கிறார்கள்.

ஜெர்மானியாவில் அவர் ரொம்ப நாள் இல்லை. கிளப் மாறி மாறிக் கடைசியில் பாவ்லிஸ்தானோவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1914இல் பிரேசில் தேசிய அணி ஆடிய முதல் ஆட்டத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த எக்ஸிட்டர் சிட்டிக்கு எதிராக, இரண்டு பற்கள் போயின, 2–0 என்று ஜெயித்தார்கள். 1919 மே 29இல் தென்னமெரிக்க சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், உருகுவேக்கு எதிராக. 90 நிமிடம் போதவில்லை, கூடுதல் நேரம் போதவில்லை, அதற்கு மேலும் ஆடி மொத்தம் 150 நிமிடம். ஒரே கோல். அடித்தவர் ஃப்ரீடன்ரைக். பிரேசில் வாங்கிய முதல் பெரிய கோப்பை அது. உருகுவேக்காரர்களே அவருக்கு 'புலி' என்று பட்டம் கொடுத்தார்கள்.

சரி, கொலைக் கேஸுக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் பிரேசிலில் கால்பந்துக்குச் சம்பளம் கிடையாது. கிடையாது என்பதைவிடக் கூடாது. விளையாட்டை நேசிப்பவன் காசுக்கு ஆடமாட்டான் என்பது கொள்கை. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் இந்தக் கொள்கையைக் கடைப்பிடிக்க முதலில் வீட்டில் வேறு வருமானம் வேண்டும். அப்பாவுக்குக் காபித் தோட்டமோ, இறக்குமதிக் கடையோ இருந்தால் மகன் எவ்வளவு சுத்தமாக வேண்டுமானாலும் விளையாட்டை நேசிக்கலாம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், மில்லில் வேலை பார்க்கிறவன் பயிற்சிக்கு ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

ரியோவில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாஸ்கோ ட காமா, போர்த்துகீசிய வியாபாரிகளின் கிளப். கறுப்பர்களையும் தொழிலாளிகளையும் சேர்த்துக்கொண்டது. ஆட்டக்காரர்களைத் தங்கள் கடைகளில் வேலையாட்கள் என்று கணக்கில் காட்டியது. ஆட்டம் ஜெயித்தால் கையில் கொஞ்சம் பணம். அதைப் பணம் என்று சொல்லக் கூடாதே? அதனால் ரியோவில் பிரபலமாக இருந்த மிருகச் சூதாட்டத்திலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சூதாட்டத்தில் ஒவ்வொரு மிருகத்துக்கும் எண் உண்டு. 5 மில்ரெய்ஸ் கொடுத்தால் 'நாய்'. 10 என்றால் 'முயல்'. 20 'வான்கோழி'. 50 'சேவல்'. பெரிய வெற்றிக்கு 100, அதாவது 'பசு'. "நேற்று எனக்கு ஒரு சேவல் கிடைத்தது" என்றால் சட்டப்படி அவன் சம்பளம் வாங்கவில்லை! வெற்றி போனசுக்கு பிரேசிலில் 'மிருகம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. தணிக்கைப் பாடத்தில் மறைமுகப் பட்டுவாடா பற்றி எத்தனை உதாரணம் படித்தோம், இப்படி ஒன்றை யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

1923இல் மேல்பிரிவுக்கு வந்த முதல் வருடமே வாஸ்கோ சாம்பியன். பெரிய கிளப்புகளுக்கு வயிற்றெரிச்சல். 1924இல் புது லீக் ஆரம்பித்தார்கள். ஆட்டக்காரனுக்கு என்ன தொழில் என்று விசாரிப்பார்கள், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வாஸ்கோவிடம் உன் ஆட்களில் 12 பேரை நீக்கு, பிறகு வா என்றார்கள். வாஸ்கோ முடியாது என்று எழுதிய பதில் கடிதம் பிரேசிலில் இன்றைக்கும் பேசப்படுகிறது. நிபந்தனைப் பட்டியலில் நிறம் என்ற வார்த்தை கிடையாது என்பதைக் கவனியுங்கள். தொழில், கல்வி, அமெச்சூர் ஒழுக்கம், எல்லாம் கண்ணியமான வார்த்தைகள். அந்தக் கண்ணியமான சல்லடையில் ஓட்டை எந்த அளவில் போட்டார்கள் என்பதுதான் விஷயம்.

இது எனக்கு வெறும் பிரேசில் சமாச்சாரமாகத் தெரியவில்லை. பள்ளியில் எங்கள் கால்பந்து அணியில் ஒருவன் இருந்தான். சொல்லப்போனால் அணி என்பதே அவன்தான், நாங்கள் எல்லாம் பின்னால் ஓடியவர்கள். சனிக்கிழமைகளில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு வேலைக்குப் போவான். பயிற்சியைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அவன் இரண்டு வாரம் வரவில்லை. "ஆட்டத்து மேல உண்மையான ஆசை இருக்கிறவன் வருவான்" என்று மைதானத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டது. மூன்றாவது வாரம் அவன் ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். நானும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அவனுடைய இடம் எனக்குக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாவோ பாவ்லோவுக்குத் திரும்புவோம். 1920களின் கடைசியில் அங்கே நிலைமை பிடிக்குள் அடங்கவில்லை. கூட்டம் பல்லாயிரக்கணக்கில் வருகிறது, டிக்கெட் காசு கொட்டுகிறது, ஆடுகிறவனுக்கு மட்டும் அதிகாரபூர்வமாக ஒன்றும் இல்லை. பார்த்தார்கள் ஆட்டக்காரர்கள், கப்பலேறிவிட்டார்கள். 1931இல் இத்தாலியின் லாசியோ கிளப் சாவோ பாவ்லோவிலிருந்து இத்தாலிய வம்சாவளி ஆட்டக்காரர்களைக் கொத்தாக அள்ளிக்கொண்டு போனது. அதே வருடம் ஐரோப்பா சுற்றுப்பயணம் போன வாஸ்கோவின் ஃபவுஸ்டோவும் கோல்கீப்பர் ஜகுவாரேயும் பார்சிலோனாவிலேயே தங்கிவிட்டார்கள். இனியும் 'நாய், சேவல், பசு' என்று ஏமாற்ற முடியாது என்று புரிந்தது. 1933இல் சம்பளக் கால்பந்து வந்தது.

அந்தச் சமயத்தில் ஒவ்வொரு கிளப்பும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பாவ்லிஸ்தானோ இதை முன்னாலேயே எடுத்துவிட்டது. 11 முறை மாநில சாம்பியன், தொடர்ந்து நான்கு முறை ஜெயித்த ஒரே அணி, 1925இல் ஐரோப்பா போய் பிரான்ஸ் அணியை 7–2 என்று அடித்த அணி. 1929 பட்டத்தோடு "காசுக்கு ஆடுவது எங்கள் வழக்கமல்ல" என்று கால்பந்தையே மூடிவிட்டது. ஆட விரும்பிய அதன் ஆட்களில் பலர், இன்னொரு கிளப்போடு சேர்ந்து 1930இல் உருவாக்கியதுதான் சாவோ பாவ்லோ எஃப்.சி. ஜெர்மானியா இன்னும் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தது. தொழில்முறை ஆட்டம் வந்ததும் அதுவும் விலகிக்கொண்டது. கால்பந்து அணி போனது. நீச்சல் இருந்தது, டென்னிஸ் இருந்தது, தடகளம் இருந்தது, பின்ஹெய்ரோஸ் ஆற்றங்கரைப் பக்கம் பெரிய இடம் இருந்தது.

பெயர் பறிபோனது அதற்குப் பிறகுதான். 1937இல் ஜெட்டூலியோ வர்காஸ் சர்வாதிகாரி ஆனார். 1938 முதல் வெளிநாட்டு மொழிப் பள்ளிகள், சங்கங்கள் மீது நெருக்கடி. 1941இல் ஜெர்மானியா பெயரை மாற்றி எஸ்போர்ட்டே கிளப் பின்ஹெய்ரோஸ் ஆனது. வருடத்தைக் கவனியுங்கள். கால்பந்து போய்ப் பல வருடம் கழித்து. செத்த பிறகு வந்தவனைக் கொலைகாரன் என்று எப்படிச் சொல்வது?

சரி, ஜெர்மன் பெயர் என்ற சுமை இல்லாவிட்டால் தப்பியிருக்குமோ என்று ஒரு சந்தேகம் வரலாம். பாவ்லிஸ்தானோவைப் பாருங்கள், சுத்தமான உள்ளூர்ப் பெயர். அதன் கால்பந்து பிழைத்ததா? பலேஸ்த்ரா இத்தாலியாவைப் பாருங்கள், பெயரிலேயே இத்தாலி. 1942இல் போர் நெருக்கடியில் பெயரை மாற்றச் சொன்னார்கள், 'பால்மெய்ராஸ்' என்று மாற்றிக்கொண்டது, செப்டம்பர் 20ஆம் தேதி பிரேசில் கொடியைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்து 3–1 என்று ஜெயித்து அதே நாளில் பட்டமும் வாங்கியது. காரணம், அது சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்தது. ஜெர்மானிய வம்சாவளி என்பதே பாவமா என்றால், கொரிச்சிபா இருக்கிறது. 1909இல் ஜெர்மானிய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய கிளப். 1941இல் எதிரணி நிர்வாகி ஒருவர் அவர்கள் ஆட்டக்காரரைப் பார்த்து "வெள்ளைத் தொடை ஜெர்மன்காரனே" என்று திட்டினாராம். அந்த வசவையே பின்னாளில் ரசிகர்கள் செல்லப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 1985இல் தேசிய சாம்பியன். ரியோ கிராண்டே என்ற துறைமுக நகரத்தில் 1900 ஜூலை 19இல் ஒரு கிளப் தொடங்கப்பட்டது. முன்னின்று தொடங்கியவர் யோஹன்னஸ் மின்னமன், அவரும் ஜெர்மானியர்தான், நோபிலிங் மாதிரியே ஹாம்பர்க்காரர்! அந்தக் கிளப் இன்றும் ஆடுகிறது. அதன் பிறந்த நாள்தான் பிரேசிலில் கால்பந்து தினம்.

ஆக, பெயர் கொல்லவில்லை, பூர்வீகம் கொல்லவில்லை, போர் கொல்லவில்லை. சம்பளப் பட்டியல் போட மனம் வராததுதான் கொன்றது என்பது என் கட்சி.

இதை வகுப்பில் ஒரு நண்பனிடம் சொன்னேன். நன்றாகப் படிப்பவன், அதனால் கொஞ்சம் ஆபத்தானவன். "இதில் என்னடா கொலை? நஷ்டம் வரும் பிரிவை மூடிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சரியான முடிவு" என்றான். கணக்கைப் பார்த்தால் அவன் சொல்வது தப்பில்லை. பின்ஹெய்ரோஸ் இன்று பிரேசிலின் பெரிய கிளப்புகளில் ஒன்று. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய குஸ்தாவோ போர்ஜஸ் மாதிரி நீச்சல் வீரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். சம்பளம் கொடுக்க இறங்கிய பல கிளப்புகள் கடனில் மூழ்கித் தவிப்பதும் உண்மை. இன்டர்நாசியோனல் காணாமலே போய்விட்டது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன்.

ஆனால் அவர்கள் மூடியபோது அதை நஷ்டக் கணக்கு என்று சொல்லவில்லையே. ஒழுக்கம் என்றார்கள். 'எங்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை' என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கூலி கேட்பவனை ஆட்டத்தை நேசிக்காதவன் என்று சொன்னதுதான் என்னால் விழுங்க முடியவில்லை. ஃப்ரீடன்ரைக் ஆட்டத்தை நேசிக்கவில்லையா? இருபது வருடத்துக்கு மேல் ஆடியிருக்கிறார். 1933 மார்ச் 12ஆம் தேதி, பிரேசிலின் முதல் தொழில்முறை ஆட்டம், சாண்டோஸ் மைதானத்தில். சாவோ பாவ்லோ எஃப்.சி. 5, சாண்டோஸ் 1. அந்த ஆட்டத்தின் முதல் கோலை, அதாவது பிரேசிலில் வெளிப்படையாகக் கூலி வாங்கிக்கொண்டு அடிக்கப்பட்ட முதல் கோலை, அடித்தவர் அவர்தான். ஜெர்மானியாவில் ஆட ஆரம்பித்த பையன். அப்போது வயது 40. வாழ்க்கையின் நல்ல ஆட்டம் அத்தனையும் முடிந்திருந்தது.

நோபிலிங்கைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் பெயரைக் கடன் வாங்கிய ஹாம்பர்க் ஜெர்மானியாவும் இப்போது அந்தப் பெயரில் இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு 1919இல் வேறு இரண்டு கிளப்புகளோடு இணைந்து ஹாம்பர்கர் எஸ்.வி. ஆகிவிட்டது. 1887 என்ற ஜெர்மானியாவின் பிறந்த வருடத்தைத்தான் அது தன் பிறந்த வருடமாகப் போட்டுக்கொள்கிறது. கிளப் ஆரம்பித்தபோது கோபித்துக்கொண்டு எழுந்து போய் நோபிலிங் காப்பாற்றிய பெயர், அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் அவர் உயிரோடு இருக்கும்போதே மறைந்துவிட்டது. அவர் இறந்தது 1954இல்.

நினைவில் வைக்கச் சொன்ன பார்க் அன்டார்க்டிகா மைதானத்தை 1920இல் பலேஸ்த்ரா இத்தாலியா விலைக்கு வாங்கியது. அதே இடத்தில் 2014இல் புது ஸ்டேடியம் திறந்தார்கள். பெயர் வைக்கும் உரிமையை ஏலம் மாதிரி விற்றார்கள், வாங்கியது அலியான்ஸ். ஜெர்மன் காப்பீட்டு நிறுவனம். டீக்கடையில் இதைச் சொன்னதும் ரொனால்டோ கட்சிக்காரன் கேட்டான், "அப்போ அந்த ஃப்ரீடன்ரைக் ஜெர்மானியாவுக்காக எத்தனை கோல்டா அடிச்சாரு?" எண்ணைச் சொன்னால் மறுபடியும் டீ என் தலையில் விழும். வாயை மூடிக்கொண்டு கிளாஸைக் கழுவ வைத்துவிட்டு வந்துவிட்டேன்.